வெள்ளையாக வந்த அறை

அலுவலகத்தில் அவரை எல்லோரும் கலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம். ஆறு மேசை, ஆறு கம்ப்யூட்டர், பேப்பர் மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்ட வேண்டிய பெரிய பிரிண்டர் ஒன்று. மற்றவர்கள் சுவர், தூண், கதவு எல்லாம் வரைந்து முடித்த பிளான் கடைசியில் அக்காவிடம் வரும். எந்த அறை எதற்கு, யாருக்கு என்று பார்த்து அவர் நிறம் கொடுப்பார். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் சின்னப் பெட்டி ஒன்றை ஓரத்தில் வைப்பார். அதற்கு லெஜண்ட் என்று பெயர். பத்தொன்பது வருடமாக அக்காவின் வேலை பெரும்பாலும் இந்தப் பெட்டிதான்.

நிறம் கொடுப்பது என்றால் ஒவ்வொரு அறையாகப் பூசுவது இல்லை. சாஃப்ட்வேரில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் ‘அலுவலகம்’ என்று அடித்தால், அப்படி அடித்த அறைகள் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். லெஜண்டிலும் ஒரு வரி தானாகச் சேர்ந்துகொள்ளும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு என்று எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு நிறத்தைத் தானே கொடுத்துவிடும். ஒன்றுமே அடிக்காவிட்டால் அறை வெள்ளையாக நிற்கும். வெள்ளைக்கு லெஜண்டில் வரி கிடையாது.

அதனால் அக்காவுக்கு ஒரு பழக்கம். பிளானை அனுப்பும் முன் நாற்காலியைப் பின்னால் தள்ளி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்கிரீனைப் பார்ப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்தும் தெரியாது, கோடும் தெரியாது. நிறம் மட்டும் தெரியும். எங்கேயாவது வெள்ளை இருந்தால் வரைந்தவரிடம் எழுந்து போவார். ஒருமுறை ஒரு மருத்துவமனை பிளானில் மாடிப்படிக்கு அடியில் இப்படி ஒரு வெள்ளை. “ஏதாவது ஸ்டோரா இருக்கும்க்கா, விடுங்க” என்றார் பக்கத்து மேசைக்காரர். அக்கா விடவில்லை. போன் போட்டுக் கேட்டார். துப்புரவுப் பெண்கள் உடை மாற்றும் இடம் அது.

“அக்கா கண்ணாடியக் கழட்டிட்டாங்க, எல்லாரும் உஷாரா இருங்க” என்பது அலுவலகத்தில் வழக்கமான கிண்டல்.

வீட்டில் அக்காதான் மூத்தவர். அவருக்குக் கீழே ஒரு தம்பி, ஒரு தங்கை, இன்னொரு தம்பி. அப்பா யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவள், பெரியவன், சின்னவள், சின்னவன் என்பார். அக்கா கல்யாணமாகி நான்கு தெரு தள்ளி இருந்தார். அப்பா வீட்டில் பெரியவன் கீழே, சின்னவன் மாடியில். சின்னவளும் அங்கேதான். கல்யாணம் மூன்று வருடத்தில் முடிந்துபோக, ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள், ஹாலின் கடைக்கோடியில் கதவு திறக்கும் பின் அறையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவது அவள் வேலை.

அப்பா போய் ஒரு வருடம் கழித்து, வீட்டைப் பிரித்து எழுதிக்கொள்ளலாம் என்று தம்பிகள் முடிவு செய்தார்கள். சண்டை எதுவும் இல்லை. யாருக்கு எது என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி ஒரு பிளான் வேண்டும் என்று பத்திரம் எழுதுபவர் கேட்டார்.

“வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு வெளிய எதுக்குப் போகணும்” என்று பெரியவன் அக்காவைக் கூப்பிட்டான். தனக்குப் பங்கு வேண்டாம் என்று அப்பா இருக்கும்போதே அக்கா சொல்லியிருந்தார். பிளான் போட்டுத் தருவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லேசர் மீட்டரோடு போய் அறை அறையாக அளந்தார். பெரியவனின் மனைவி கூடவே வந்தாள்.

“அந்தச் செவப்புப் புள்ளிய என் பீரோ மேல மட்டும் காட்டாதீங்க அண்ணி. அதையும் அளந்து பாதி கேப்பாரு என் கொழுந்தன்.”

“கதவே மூடாத பீரோ. நீங்களே வச்சுக்கோங்க” என்றான் மாடிப்படியில் நின்ற சின்னவன்.

பெரியவன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். கீழே ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை எனக்கு, நீலம். மேலே முழுவதும் சின்னவனுக்கு, பச்சை. வாசல், வெளிப்படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மோட்டார் அறை பொது, மஞ்சள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அதை அப்படியே அடித்தார். லெஜண்டில் மூன்று வரி வந்தது. கண்ணாடியைக் கழற்றினார். கீழ்த்தளத்தின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்.

பெரியவனுக்குப் போன் போட்டார்.

“பின்னாடி ரூம் எதுலயும் வரலையேடா.”

“அது அவ இருக்கிற ரூம்க்கா.”

“தெரியுது. யாருதுன்னு போடறது?”

“அவதான் இருக்கா. யாரு அவளப் போகச் சொல்றாங்க? அப்படியே விட்டுடு.”

“அப்படியே விட்டா வெள்ளையா வரும்.”

“வரட்டுமே.”

“வெள்ளைன்னா அது யாருக்கும் இல்லைன்னு ஆயிடும். லெஜண்ட்ல பேரே வராது.”

“சரி, பொதுவுல சேர்த்துடு.”

“பொதுவுல என்னல்லாம் இருக்கு தெரியுமில்ல? தொட்டி, மோட்டார், படிக்கட்டு. அவளையும் மோட்டாரையும் ஒரே கலர்ல போடவா?”

“நீயே பாத்துப் போடுக்கா. சின்னவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க.”

சின்னவன் ஆச்சரியப்பட்டான். “அவ ரூம் அவளுக்குத்தானே. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?”

“அப்ப ஏன்டா தாள்ல இல்ல?”

“அவன் எழுதியிருப்பான்னு நெனச்சேன்.”

அக்கா அந்த அறையின் கட்டத்திலும் அதை ஒட்டிய குளியலறையின் கட்டத்திலும் ‘சின்னவள்’ என்று அடித்தார். இரண்டும் ஆரஞ்சு ஆயின. லெஜண்டில் நான்காவது வரி சேர்ந்தது. மறுபடியும் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளை இல்லை. சாப்பிடப் போனார்.

அடுத்த ஞாயிறு அந்த பிளான் ஹாலில் சாப்பாட்டு மேசை மேல் விரிந்து கிடந்தது. தம்பிகள் பார்த்தார்கள், சரி என்றார்கள். சின்னவள் மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். வெளிக்கேட்டில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். மஞ்சள், மஞ்சள், பிறகு நீலத்தின் ஓரம் வந்ததும் விரல் நின்றது.

“அக்கா, நான் என் ரூமுக்கு எப்படிப் போறது?”

சின்னவன் சிரித்துவிட்டான். பெரியவன், “என்ன கேள்வி இது? எப்பவும் போற மாதிரிதான்” என்றான்.

“எப்பவும் ஹால் வழியாப் போறேன். இதுல ஹால் உங்களுது.”

“ஹால்ல நடக்காதேன்னு யாராவது சொல்லப் போறோமா?”

“சொல்ல மாட்டீங்க.” அவள் விரலை எடுக்கவில்லை. “போன மாசம் எல்லாரும் சேர்ந்து ரெண்டு நாள் வெளியூர் போனீங்க இல்ல?”

“ஆமா.”

“முன்கதவப் பூட்டிட்டுப் போயிட்டீங்க. அப்பா எப்பவும் வீட்டுல இருந்ததால என்கிட்ட சாவின்னு ஒண்ணு இருந்ததே இல்ல. கடையில கூட வேலை பாக்கறவங்க வீட்டுல படுத்துக்கிட்டேன். ரெண்டு நாளும்.”

“சொல்லவே இல்லையே” என்றாள் பெரியவனின் மனைவி.

“என்னன்னு சொல்றது அண்ணி. வேணும்னா செஞ்சீங்க? மறந்துட்டீங்க.”

அக்கா பிளானைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் வெள்ளையைத்தான் தேடியிருந்தார். நீலத்தைத் தாண்டாமல் ஆரஞ்சுக்குப் போக முடியாது என்பது அவர் கண்ணில் படவில்லை. பின்சுவர் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியது, அந்தப் பக்கம் கதவு வைக்க வழியில்லை. சாஃப்ட்வேரில் நிறம் அறைக்குத்தான். போகும் வழிக்குக் கிடையாது.

“இது என் தப்பு” என்றார். எழுந்து முன்கதவிலிருந்து பின் அறைக் கதவு வரை இடப்பக்கச் சுவரை ஒட்டி நடந்து போய்த் திரும்பி வந்தார். “இந்த ஓரம் பொது வழியா இருக்கட்டும். ரெண்டு டைல்ஸ் அகலம். நாலடி.”

“ஹால் நடுவுல சுவரா எழுப்பச் சொல்ற?” என்றான் பெரியவன்.

“சுவர் வேணாம். பிளான்ல ஒரு கோடு போட்டா அது தனி இடம்னு எடுத்துக்கும். தரையில ஒண்ணும் இருக்காது.”

“கோட்டை யாரு மதிப்பா?” என்றான் சின்னவன்.

“பத்திரத்துல இருந்தா நீயே மதிப்ப.”

பெரியவனின் மனைவி அந்தச் சுவர் ஓரம் கிடந்த சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒன்றரை டைல்ஸ் போதாதா அண்ணி?”

“நாளைக்கு அவ ஒரு கட்டில் வாங்கினா உள்ள போகணும்ல?”

“பதினோரு வருஷமாத் தரையில படுக்கிறவ, இப்பதான் கட்டில் வாங்கப் போறாளாக்கும்.” சொன்னவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, ரெண்டே இருக்கட்டும்.”

பெரியவன் மனைவியைப் பார்த்தான். பிறகு அவனும் தலையை ஆட்டினான்.

மறுநாள் அலுவலகத்தில் அக்கா ஹாலுக்குள் அந்தக் கோட்டைப் போட்டார். நீலம் இரண்டாகப் பிரிந்து, சுவர் ஓரம் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை வந்தது. அதன் கட்டத்தில் ‘பொது வழி, முன்கதவுச் சாவி மூவரிடமும்’ என்று அடித்தார். ‘பொது’ என்று மட்டும் இல்லாததால் சாஃப்ட்வேர் அதை மஞ்சளில் சேர்க்காமல் தானாக ஒரு செங்கல் நிறத்தைக் கொடுத்தது. தானாக வரும் நிறங்களை அக்கா வழக்கமாக மாற்றிவிடுவார். இதை மாற்றவில்லை.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “லெஜண்ட்ல சாவியெல்லாம் எழுதுவீங்களாக்கா?”

“அடிச்சா காட்டுது. நான் என்ன செய்ய.”

ஐந்து வரி லெஜண்டோடு பிளான் பத்திரத்தில் சேர்ந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா அந்த வீட்டுக்குப் போனார். முன்கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. உள்ளே சோபா நகர்ந்திருந்தது. அதன் கால்கள் இரண்டாவது டைல்ஸும் மூன்றாவதும் சேரும் கோட்டில் நின்றன. அவர் பார்ப்பதைப் பெரியவனின் மனைவி பார்த்துவிட்டாள்.

“இந்தப் பக்கம் ஒரு இன்ச் இல்ல, அந்தப் பக்கம் ஒரு இன்ச் இல்ல. வேணும்னா அளந்துக்கோங்க அண்ணி.”

“மெஷின் எடுத்துட்டு வரல.”

அப்போது முன்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து யாரோ பூட்டினார்கள், பிறகு திறந்தார்கள். சின்னவள் கையில் பையோடு உள்ளே வந்தாள்.

“கதவு தொறந்துதானே இருந்துது” என்றாள் பெரியவனின் மனைவி.

“தெரியும் அண்ணி. சாவி சேருதான்னு பாத்தேன்.”

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “எப்ப வந்தேக்கா” என்று கேட்டுவிட்டு, சுவர் ஓர வழியில் போகாமல், எப்போதும் போல சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் நடந்து தன் அறைக்குப் போனாள்.