சேர்வராயனிடம் நான் கேட்ட கழிப்பறை

போன ஆடி மாதம் எனக்கு நாலாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று வந்தது. குளிர் காய்ச்சல், அடிவயிற்றில் எரிச்சல், மறுபடியும் மூன்று நாள் லீவு. உண்மையை எழுத வெட்கப்பட்டு ஒவ்வொரு தடவையும் லீவு லெட்டரில் ‘காய்ச்சல்’ என்றே எழுதினேன்.

நான் மலைமேல், கொட்டச்சேட்டுக்கு அப்பால் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. காலை ஆறரைக்கு அடிவாரத்தில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது. கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. அதனால் நாள் முழுக்க நான் தண்ணீரே குடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று பாடம் நடத்துவேன். வெட்கக்கேடு!

ஒருநாள் தலைமை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏனுங்க டீச்சர், உங்களுக்கு மட்டும் எப்படீங்க மாசாமாசம் காய்ச்சல் வருது?” பஸ்ஸில் அழுதுகொண்டே மலை இறங்கினேன். வேலையே வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் எங்கள் மலைச்சாமி சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். சாமி முன்னால் நின்று வழக்கம்போல ‘உடம்பைப் பார்த்துக்கொள் சாமி’ என்று ஆரம்பித்தேன். எத்தனை மாதமாக இதையே கேட்கிறேன்! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“சாமி, பள்ளிக்கோடத்துல ஒண்ணுக்குப் போக ஒரு எடம் குடு! இல்லீன்னா வேலைய உட்டுப்போடறேன்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

திரும்பினால், பின்னால் எங்கள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். எனக்கு மானமே போய்விட்டது. வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்குத்தானுங்களா டீச்சர் லீவு போட்டீங்க? எம்புள்ளயும் இதுக்குத்தானுங்க மத்தியானம் ஊட்டுக்கு வந்தா திரும்பப் போறதில்ல. நீங்க நொம்பத் திட்றீங்கன்னு அழுவுறா.”

அந்தப் பெண்ணை எத்தனை முறை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன்! ஒருமுறையாவது ஏன் என்று கேட்டேனா?

அடுத்த நாளே அவரும் இன்னும் நாலு அம்மாக்களும் தலைமை ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வாரத்துக்குள் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாளும் வந்தது. அதற்குப் பிறகு இந்த நோய்க்காக நான் ஒருநாளும் லீவு போடவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன்.

சேர்வராயனுக்குக் கோடி நமஸ்காரம். ஆனாலும் கோபம் முழுசாகத் தீரவில்லை. ஒரு தாழ்ப்பாளுக்காகச் சாமி வரைக்கும் போக வேண்டியிருந்ததே! என்னைப் போல வாயைக் கட்டிக்கொண்டு தவிப்பவர்களே, நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். கூச்சப்படாமல், இன்னதுதான் வேண்டும் என்று சத்தமாகக் கேளுங்கள். சாமி காதில் விழும், பின்னால் நிற்பவர் காதிலும் விழும்.