இடது ஓரத்து முழங்கை

திருப்பதியில் ஏழுமலை என்று பெயர் வைத்துக்கொண்டு தனியாக அடையாளம் தெரிவது கஷ்டம். தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், மீதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அலிபிரி சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலைக்கு மட்டும் அந்தக் கஷ்டம் கிடையாது. தேள்வால் ஏழுமலை என்றால் அது அவர் ஒருவர்தான்.

சொந்த ஊர் வெதுருகுப்பம் பக்கம் ஒரு கிராமம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய், பிற்காலத்தில் கொஞ்சம் சொந்த நிலத்தில் வேர்க்கடலை போட்டவர். ஏழுமலைக்குக் கடலை தின்னப் பிடிக்கும், பிடுங்கப் பிடிக்காது. அதனால் இளவயதிலேயே ரேணிகுண்டாவில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வந்து ஒட்டிக்கொண்டார். அங்கேதான் சினிமா அவரைத் தேடி வந்தது.

ரேணிகுண்டாவுக்கு வெளியே பாழடைந்த ஷெட் ஒன்றில் ‘தேள் மனிதன்’ என்று ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கடையில் எடை போடும் அப்பாவி ஒருவனைத் தேள் கொட்டுகிறது. அவனுக்கு வால் முளைக்கிறது. அதற்கப்புறம் அவன் ஊரில் உள்ள அயோக்கியர்களை எல்லாம் கொட்டுகிறான். கதை அவ்வளவுதான். சென்னையிலிருந்து கொண்டுவந்த மோட்டார் வால் முதல் நாளே மக்கர் பண்ணியது. பட்டறையிலிருந்து ஏழுமலையைக் கூட்டிப் போனார்கள். அவரும் போய் உட்கார்ந்து, திருகி, தட்டி, அந்த மோட்டாரை ஒரேயடியாகக் கொன்றுவிட்டு எழுந்தார். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, ரப்பர் வாலை ஒரு மூங்கிலில் கட்டி, “நீதானே கெடுத்தே, நீயே ஆட்டு” என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். படம் முடிகிற வரை கதாநாயகனின் முதுகுக்குப் பின்னால் குனிந்து ஓடி வாலை ஆட்டியது ஏழுமலைதான்.

படம் தூக்கப்படுவதற்குள் ஊர் ஜனம் எல்லாம் சித்தூருக்குப் போய் அதைப் பார்த்துவிட்டது. கடைசிச் சண்டையில் வில்லன் கழுத்தில் வால் இறங்கும்போது, திரையின் இடது ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு முழங்கை எட்டிப் பார்த்துவிட்டு மறையும். எடிட்டர் தூங்கிய நேரத்தில் தப்பி வந்த முழங்கை அது. பிற்காலத்தில் யாரோ ஒரு வேலையற்றவன் அந்தக் காட்சியை யூடியூபில் போட்டு, முழங்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து, ‘உலக மகா சொதப்பல்’ என்று எழுதியிருந்தான். ஏழுமலை அதைத் தெரிந்தவர், தெரியாதவர், கம்பி சப்ளை பண்ணுகிறவர் எல்லோருக்கும் அனுப்பி வைத்தார். “வட்டத்துக்குள்ள கீறது நான்தான்” என்று கீழே ஒரு வரி வேறு.

அவருக்குக் கல்யாணம் ஆனதும் அந்த முழங்கையால்தான். மாமனார் கிருஷ்ணப்பா, மாப்பிள்ளை சினிமாவில் இருக்கிறார் என்று அக்கம்பக்கம் முழுக்கப் பீற்றிக்கொண்டு யமுனாவைக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளையின் எந்தப் பாகம் சினிமாவில் இருக்கிறது என்பதை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், அந்தப் படத்தையே திரும்ப முதலிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. புது ஆள், கொஞ்சம் மாற்றிய கதை, கம்ப்யூட்டரில் செய்த வால். செய்தியைக் கொண்டுவந்தவர் லக்ஷ்மிநரசிம்மன். கோயிலில் பாசுரம் சேவிக்கிற பரம்பரை. ஜன்னல் கிரில் செய்யக் கொடுக்க வந்த இடத்தில் ஏழுமலையோடு சிநேகமாகி, காலைக் கைங்கர்யம் முடிந்ததும் வீட்டுக் காபியை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு பட்டறை நாற்காலியில் வந்து உட்காருவார். பறக்கிற வீரன், சுவர் ஏறுகிற வீரன், உலகத்தில் எவன் உள்ளாடையை வெளியே போட்டுக்கொண்டு வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுகிற பைத்தியம்.

“டிரெய்லர் பாத்தேன் ஓய். பழசெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்காது” என்றார் அவர்.

“ஒரு தபா எடுத்தத எதுக்கு சாமி இன்னொரு தபா எடுக்கணும்? எச்ச இலையில சோறு போடற மாதிரி!”

“பெருமாளே எத்தனை தடவை எடுத்தார்! மொதல்ல மீன். சரி, எடுத்தாச்சுன்னு அதோட நிறுத்திண்டாரா? ஆமை, பன்னின்னு மேல மேல போகலையா?”

“மீனுக்கு வால் இருந்திச்சா இல்லியா? அது இன்னா கிராபிக்ஸ் வாலா?”

லக்ஷ்மிநரசிம்மன் குடித்த காபி மூக்கில் ஏறியது. ஜெயித்துவிட்ட தெம்பில் ஏழுமலை செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாசலில் இறங்கி, மலையைப் பார்த்து நின்றார். “சாமி சாட்சியா சொல்றேன். புது வாலு என் வாலவிட நல்லாகீதுன்னு என் மனசுல பட்டா, முடியும் மீசையும் உனக்குத்தான் கோவிந்தா!”

லக்ஷ்மிநரசிம்மனின் சிரிப்பு அப்படியே அடங்கியது. “என்ன ஓய் இது, மலையைப் பாத்து சொல்லிட்டீரே!” என்றார். மற்ற ஊரில் பந்தயம் கட்டினால் மனுஷனிடம் தோற்கலாம், மறுத்தும் பேசலாம். இங்கே மலையைப் பார்த்து வாய்விட்டால் அது வேண்டுதல். அதிலும் ஏழுமலை ‘ஊர் சொன்னால்’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ‘என் மனசுல பட்டா’ என்று சொல்லிவிட்டார். மனசுக்குள் பார்க்கிறவனிடம் போய் அதையா சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மூவரும் போனார்கள். லக்ஷ்மிநரசிம்மன் ஒரு பக்கம், யமுனா ஒரு பக்கம், நடுவில் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு, குற்றம் கண்டுபிடிக்க வந்த ஆடிட்டர் முகத்தோடு உட்கார்ந்தார். வால் வந்தது. கதாநாயகன் கோபப்பட்டால் அது நிமிர்ந்தது, வருத்தப்பட்டால் தொங்கியது. ஒரு காட்சியில் அம்மா சமையலறையில் இருக்க, குழந்தை தூளியில் வீறிட்டது. அவன் சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். வால் மட்டும் தானாக நீண்டு போய்த் தூளியை ஆட்டியது. ஏழுமலையின் கட்டிய கை தானாக அவிழ்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தான் ஆட்டிய வால் வீட்டில் ஒட்டடை அடிக்கிற கோல் மாதிரிதான் ஆடியது என்று அவருக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்தது. திருட்டுத்தனமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு யமுனாவைப் பார்த்தார். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு திரையின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் லக்ஷ்மிநரசிம்மன் ஆவலாக, “என்ன ஓய்?” என்றார்.

“குப்ப” என்றார் ஏழுமலை. சொன்ன பிறகுதான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது அவருக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் அவருக்குப் பிழைப்பு நாறிப்போனது. பட்டறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் மலை தெரிந்தது. டீ குடிக்கப் போனார். கடைக்காரர் சிட்டிபாபு மாட்டியிருந்த காலண்டரில் மலை தெரிந்தது. ஒரு கேட்டில் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்துப் பற்றவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். மயிர் போகிறதே என்று அவர் கவலைப்படவில்லை. மொட்டை போட்டுக்கொண்டால், வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த அந்த ஒரு காரியமும் மட்டம்தான் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதுதான் வலித்தது. முழங்கை போனால் அப்புறம் ஏழுமலை யார்? கேட்டுக்குத் தாழ்ப்பாளை மாற்றி வைக்கிறவன்.

கடைசியில் ஒருநாள் விடிந்ததும் அலிபிரியில் படி ஏறிவிட்டார். மொட்டை போடும் கல்யாணகட்டாவில் தலையை நனைத்த நாவிதர் ரமணா பேச்சுக் கொடுத்து, “ஏம் மொக்கு அண்ணா?” என்று தெலுங்கில் வேண்டுதலை விசாரித்தார். எல்லோரும் மகளுக்குக் கல்யாணம், மகனுக்கு வேலை என்று வேண்டுதலைச் சொல்லிவிட்டுப் போகிற இடம்.

“சினிமா” என்றார் ஏழுமலை.

ரமணாவின் கத்தி நின்றது. குரலில் மரியாதை ஏறியது. “ஹிட்டா சார்?”

“ஹிட்டுதான். செய்யிப்பா, மீசையும் சேத்து.”

மத்தியானம் பட்டறைக்குத் திரும்பியபோது லக்ஷ்மிநரசிம்மன் காத்துக்கொண்டிருந்தார். சந்தனம் பூசிய மொட்டையைப் பார்த்ததுமே நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார். இந்த ஊரில் மொட்டையைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை. இவருக்குக் காரணம் கேட்காமலே தெரியும்.

“ஒத்துண்டீரா! அன்னிக்கு நீர் கண்ணைத் துடைச்சிண்டதை நான் பாத்தேன் ஓய்!” என்று போனை எடுத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். “கமலா, புதுசுதான் ஒசத்தி! மீசையே போயிடுத்துடீ!”

ஏழுமலை மீசை இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் யமுனா சோற்று டப்பாவோடு வந்தாள். மொட்டையைப் பார்த்தாள், போனில் கூவிக்கொண்டிருந்தவரையும் பார்த்தாள். டப்பாவைப் பிரித்துச் சோற்றைத் தட்டில் போட்டாள்.

“இன்னாயா, புது வாலு நல்லாகீதுன்னு முடியக் குடுத்துட்டியா?”

“நல்லாத்தான் கீது. பொய் சொல்லி இன்னா பண்றது? நீயும்தான பாத்த?”

“நான் எங்க வாலப் பாத்தேன்?” என்றாள் யமுனா, குழம்பை ஊற்றிக்கொண்டே. “படம் முடியற வரைக்கும் அந்த எடது ஓரத்தையே பாத்துக்கினு இருந்தேன். கழுத்து வலிச்சதுதான் மிச்சம். ஒரு முழங்கையும் வரல.”

லக்ஷ்மிநரசிம்மன் போனை மெல்லக் காதிலிருந்து எடுத்தார்.

“மாப்பிள்ளையப் பாருன்னு எங்க நைனா என்னை அந்தப் பழைய படத்துக்குக் கூட்டிக்கினு போனப்பவும் அங்கதான் பாத்தேன். வால் எப்டி இருந்திச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது” என்றாள் யமுனா. “துன்னு, ஆறிப்போவுது.”