சேக் பரீது கொடுத்த டிராக்டர் டயர்

திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையோரம் சேக் பரீது டயர் கடை திறந்தது 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் மதுரையில் ஒரு பஸ் ஷெட்டில் டயர் கழற்றி மாட்டும் வேலை பார்த்திருந்தார். கடை என்றால் தகரக் கூரை, ஒரு கைப்பம்பு, டியூபில் ஓட்டை பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் சாய்த்து வைத்த பழைய டயர்கள். அவ்வளவுதான்.

கட்டை வண்டிகள் எல்லாம் டயர் வண்டிகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. காரிலும் லாரியிலும் ஓடிக் கழித்த டயரைத்தான் மாட்டு வண்டிக்குப் போடுவார்கள். மற்ற கடைகளில் அச்சுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து மாட்டி அனுப்புவார்கள். பரீது அப்படிச் செய்ய மாட்டார். என்ன பாரம், எந்தப் பாதை, நடுவில் ஆற்று மணல் உண்டா, மாடு எவ்வளவு உயரம் என்று வரிசையாகக் கேட்பார். விறகு ஏற்றும் பொம்மையன் ஒருமுறை பொறுமை இழந்து விட்டான்.

"பாய், நான் டயர் வாங்க வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா? இம்புட்டு கேக்குறீங்க!"

"பொண்ணு கேட்டு வந்திருந்தா இம்புட்டு கேக்க மாட்டேன் அப்பு. பொண்ணு எப்படியாச்சும் சமாளிச்சுக்கும். டயர் சமாளிக்காது."

பொம்மையனுக்கு அவர் கொடுத்த டயர் ஆறு ஆண்டுகள் ஓடியது. எனக்குத் தெரிந்து அவர் கொடுத்த டயரைத் திருப்பிக் கொண்டுவந்தவர் 1964 வரை ஒருவரும் இல்லை.

1956இல் அவருடைய தங்கை கமர்ஜஹானை ஜமால் முகமதுவுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார். மறு ஆண்டு ஜமால் முகமது கடையில் கூட்டாளியாகச் சேர்ந்தார். பேச்சு சாமர்த்தியம் உள்ளவர். ஏதாவது பெரிய டயர் கம்பெனியின் ஏஜென்சியை எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. "மச்சான், வர்ற ஆளை நீங்க கேள்வி கேட்டே விரட்டுறீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பரீதும் சிரிப்பார். இருவரும் மதியத்தில் ஒரே தட்டில்தான் சாப்பிட்டார்கள். அதைப் பலமுறை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது வெங்காயப் பேட்டையின் எடை மேடையில் குறிப்பெழுதும் வேலையில் இருந்தேன். வண்டி எண், பாரத்தோடு எடை, வெறும் எடை, சரக்கு, கொண்டுவந்தவர் கையெழுத்து, இவ்வளவும் அன்றன்று பதிவேட்டில் ஏற வேண்டும்.

1963 ஆகஸ்டில் சித்தையன்கோட்டை நல்லுசாமி ஒரு சிறிய டிராக்டர் வாங்கினார். மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ஓடிய பழைய வண்டி. பின் டயர் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. நல்லுசாமிக்குப் பதினோரு ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம். வெங்காயம், அவரை, தென்னை. அரசாங்கக் கடனில் வாங்கியதால் சொந்த விவசாயத்துக்கு மட்டுமே ஓட்ட வேண்டும், வாடகைப் பாரம் இழுக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது.

பரீது 22ஆம் தேதி வியாழக்கிழமை பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனார். மூன்று இடத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டச் சொன்னார். மேலே செவல், கீழே களி. அதை நனைத்துப் பிசைந்து உருட்டிப் பார்த்தார். தென்னை வரிசைகளுக்கு நடுவே காலால் அளந்தார். பிறகு கை கழுவிக்கொண்டே கேட்டார்:

"வண்டி ரோடு ஏறுமா?"

"எதுக்கு ஏறணும்? கெணத்துக்கும் வரப்புக்கும் நடுவுலதான பாய் அதுக்குப் பொழப்பு."

"எப்பவாச்சும் சந்தைக்கு, கிந்தைக்கு?"

"எம்மேல நம்பிக்கை இல்லையா? ஏறாதுன்னா ஏறாது."

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. டிராக்டரின் பின் டயரில் ரப்பர் மேடுகள் இருக்கும். அதைப் பட்டன் என்பார்கள். களிமண் தோட்டத்துக்குப் பட்டன் உயரமாக, இடைவெளி அகலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மண் ஒட்டாமல் உதிர்ந்து, சக்கரம் பிடித்து ஏறும். அதே டயரைத் தார் ரோட்டில் ஓட்டினால் முழு பாரமும் பட்டன் நுனியில் நின்று அரைபடும். ரோட்டுக்குப் பட்டன் குட்டையாக, நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக நடுத்தரமாகவும் ஒரு வகை உண்டு.

பரீது தோட்டத்துக்கான டயரைத் தேர்ந்தெடுத்தார். மதுரையிலிருந்து புதிதாக வரவழைத்து, தன் கையால் மாட்டினார். பிடிமானத்துக்காக டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினார். காற்று பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லி வந்தார். முதல் மழைக்குப் பிறகு நல்லுசாமியே கடைக்கு வந்து, "சேத்துல யானை மாதிரி போகுது பாய்" என்று சொல்லிவிட்டு ஒரு தார் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

1964 ஆகஸ்ட் 5, புதன்கிழமை, சந்தை நாள். காலை பத்து மணிக்கு நல்லுசாமி இரண்டு டயர்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் உருட்டித் தள்ளினார். பட்டன்கள் மொட்டையாகி, சில இடங்களில் பிய்ந்தும் இருந்தன.

"பழைய டயருக்குப் பட்டன் ஒட்டிப் புதுசுன்னு குடுத்திருக்கான்யா! ஒரு வருசங்கூட ஆகல. ஈர மண்ணுல வழுக்கி வண்டி வாய்க்கால்ல கெடக்கு. ஊரு பூரா பாய் பாய்னு நம்புனீங்களே, வந்து பாருங்க!"

சந்தைக்கு வந்த கூட்டம் கூடிவிட்டது. பரீது குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தார். நடுப்பகுதி தேய்ந்து, ஓரங்களில் பட்டன் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. காற்றை அதிகம் ஏற்றி ரோட்டில் ஓட்டினால்தான் அப்படித் தேயும்.

"நல்லுசாமி, ரோட்டுல ஓட்டுனியா?"

"எம்பிள்ளைக மேல சத்தியமா இல்ல!"

பரீது பக்கத்தில் நின்ற ஜமால் முகமதுவைப் பார்த்தார். அவர், "கூட்டம் போட வேணாம், உள்ள போய்ப் பேசிக்குவோம் மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றிலிருந்து பரீது கடையில் சரியாகப் பேசவில்லை. பிள்ளைகள் மேல் ஒரு மனிதன் பொய்ச் சத்தியம் செய்வான் என்று அவரால் நினைக்க முடியவில்லை. அப்படியானால் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். டயரில் வார்த்திருந்த எண்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். தீக்குச்சியை நட்டு மிஞ்சிய பட்டன்களின் உயரத்தை அளந்தார். சித்தையன்கோட்டைக்குப் போய், நல்லுசாமிக்குத் தெரியாமல் அடுத்த தோட்டத்தில் மண் எடுத்து வந்து பிசைந்து பார்த்தார். கடைக்கு வந்த இரண்டு டிராக்டர்காரர்களிடம், "எனக்கு இது தெரியல, மதுரையில கேட்டுக்குங்க" என்று சொல்லி அனுப்பினார். பதின்மூன்று ஆண்டுகளில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

22ஆம் தேதி சனிக்கிழமை மதியம் எடை மேடைக்கு என்னைத் தேடி வந்தார்.

"கணக்குப்பிள்ளை, ஒரு சந்தேகம். அந்த மாதிரி டிராக்டர் என்ன எடை இருக்கும்? நான் எடையைக் கொறைச்சுப் போட்டு டயரைத் தப்பா எடுத்துட்டேனோன்னு தோணுது."

"வண்டி எண் சொல்லுங்க பாய், இங்க ஏறியிருந்தா பாத்துச் சொல்றேன்."

"அது எங்க இங்க ஏறப் போகுது? தோட்டத்து வண்டி. நம்பரு ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு."

அந்த எண் எனக்கு நன்றாகத் தெரிந்த எண். பதிவேட்டைத் திருப்பினேன். 1963 அக்டோபர் 5 முதல் 1964 ஜூலை 29 வரை அந்த டிராக்டர் டிரெய்லர் பெட்டியோடு நூற்றுப் பதினெட்டு முறை எடை மேடை ஏறியிருந்தது. வெங்காயம், தேங்காய், புளி. பல ஊர்க்காரர்களின் சரக்கு. போக வர இருபத்து நான்கு மைல் என்றால் மொத்தம் 2,832 மைல், அத்தனையும் தார் ரோடு.

பரீதின் முகம் மலர்ந்தது. அதை நான் மறக்கவில்லை. "அப்ப நான் எடுத்த டயர் சரிதான்! கணக்குப்பிள்ளை, சரிதான் பாத்தீங்களா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே போனார். கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது யார் கையெழுத்து?"

"நம்ம ஜமால் முகமதுதான் பாய், டிரெய்லர் அவருதுதானே. பல நாள் அவருதான் கூட வருவாரு, மத்த நாள் டிரைவர் பையன்."

நூற்றுப் பதினெட்டில் நாற்பத்து மூன்று இடங்களில் அந்தக் கையெழுத்து இருந்தது. டிரெய்லர் ஜமால் முகமதுவுடையது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை இழுத்துவரும் டிராக்டருக்குத்தான் இத்தனை சண்டை என்று இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. சண்டை நடந்த புதன்கிழமை நான் மேடையை விட்டு நகரவில்லை. வண்டி எண் எதையும் யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை.

அன்று மாலை நாலரை மணிக்குப் பதிவேட்டோடு என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். ஜமால் முகமது மறுக்கவில்லை.

"ஆமா மச்சான், பெட்டியில எனக்குப் பாதி. உங்ககிட்ட சொன்னா டயரே குடுத்திருக்க மாட்டீங்க. கடன் நிபந்தனை அது இதுன்னு ஆயிரம் கேள்வி கேப்பீங்க."

"நான் என்ன தாசில்தாரா?" என்றார் பரீது. "ரோடு ஏறும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற டயர் குடுத்திருப்பேன்டா. நடுத்தரமா ஒண்ணு இருக்கு. அதைக் குடுத்திருப்பேன். இம்புட்டுதானே!"

அப்படி ஒரு வழி ஜமால் முகமதுவுக்கு அந்த நிமிடம் வரை தோன்றவே இல்லை. இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும், ரோடு ஏறுமா என்பதை ஏதோ நேர்மையைச் சோதிக்கும் கேள்வியாகவே நினைத்திருக்கிறார்.

"அவன் வாசல்ல வந்து திருடன்னு கத்துனானே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வாடகைக்கு ஓட்டினது வெளிய வரும், கடனை ஒரே தடவையில கட்டச் சொல்லுவாங்க. ரெண்டு மாசத்துல ஊரு மறந்துரும்னு நெனச்சேன்."

"கமருக்குத் தெரியுமா?"

ஜமால் முகமது கைப்பம்பின் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார். பரீது அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரே ஒரு விஷயம் சொன்னார். கடன் அதிகாரியிடம் போக மாட்டேன், பதிவேட்டை யாரிடமும் காட்ட மாட்டேன். ஆனால் எந்த இடத்தில் டயரைத் தள்ளினானோ அதே இடத்தில், ஒரு சந்தை நாளில், பாய் கொடுத்தது புது டயர், தேய்ந்தது என்னால் என்று நல்லுசாமி சொல்ல வேண்டும். ஜமால் முகமது ஒப்புக்கொண்டார். அழைத்து வருகிறேன் என்றார்.

செப்டம்பர் 2, புதன்கிழமை. பரீது சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, காலை எட்டு மணிக்கே வாசலில் நின்றிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் பதிவேட்டை எடுத்து வந்திருந்தேன். பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். முப்பது பேர் வரை கூடியிருப்பார்கள். நல்லுசாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார்.

"அன்னைக்கு நான் கோவத்துல பேசிட்டேன். பாய் வேணும்னு ஏமாத்துற ஆளு இல்ல. வயசாகுது, கண்ணு முன்ன மாதிரி இல்ல, பழசு புதுசு தெரியாம குடுத்துட்டாரு. மனுசன்னா தப்பு நடக்கும். நான் மன்னிச்சு விட்டுட்டேன். இனி யாரும் அவரை ஒண்ணும் சொல்லக் கூடாது."

"பெரிய மனசுய்யா" என்றார் கூட்டத்தில் ஒருவர். இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஜமால் முகமது பரீதின் கையைப் பிடித்து நல்லுசாமியின் கையில் வைக்கப் போனார்.

பரீது கையை உதறினார். "எனக்கு ஒம் மன்னிப்பு வேணாம். ரோட்டுல ஓட்டினதைச் சொல்லு."

நல்லுசாமி கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களா? எறங்கி வந்தும் எம்மேலயே பாயிறாரு."

"விடுங்க பாய். அவரே வந்துட்டாரு, நீங்க ஏன் இன்னும் வீம்பு பண்றீங்க?" என்றார் கூட்டத்தில் இன்னொருவர்.

நான் பதிவேட்டைப் பிரித்து முன்னால் போனேன். "அய்யா, இதைச் செத்த நேரம் பாருங்க. நூத்திப் பதினெட்டு தடவை..."

வெங்காய வியாபாரி ஒருவர் என்னைத் தடுத்தார். "கணக்குப்பிள்ளை, அதான் மன்னிச்சுட்டாருல்ல, முடிஞ்ச பேச்சைக் கிண்டாதீங்க. மேடையில வண்டி நிக்குது, போய் எடையைப் பாருங்க."

யாரும் பதிவேட்டைப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தது. நல்லுசாமியும் ஜமால் முகமதுவும் எதிர்க் கடையில் காப்பி குடித்தார்கள்.

பரீது படியில் உட்கார்ந்துவிட்டார். "திருடன்னு சொன்னப்ப சண்டை போட எடமாச்சும் இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல" என்றார்.

அந்த டிசம்பரில் கடையை ஜமால் முகமதுவிடம் விட்டுவிட்டு வத்தலக்குண்டுக்குப் போனார். அங்கே ஒரு பஸ் ஷெட்டில் பழையபடி டயர் கழற்றி மாட்டும் வேலை. எல்லா பஸ்ஸுக்கும் ஒரே அளவு டயர். கமர்ஜஹான் இரண்டு முறை அவரைப் பார்க்கப் போனதாகக் கேள்வி. பரீது அவளுடைய பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தாராம். வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

1967 ஜனவரியில் நான் வத்தலக்குண்டு போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே டயரில் இருந்த பொடி எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிரைவர் ஒருவர் வந்து அவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க திண்டுக்கல் பாய்தானே? சித்தையன்கோட்டைக்காரரு மன்னிச்சு விட்டாரே, அந்த டயர்க்கடை பாய்?"

நான் எழுந்தேன். பரீது என் கையை அழுத்தி உட்கார வைத்தார்.

"ஆமா தம்பி, நான்தான்" என்றார். "எந்தச் சக்கரம்னு சொல்லுங்க, கழட்டுறேன்."