ஆளுக்கொரு கூரை

கணினித் திரையில் எட்டு மரவெட்டிகளையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி எட்டு மரங்களில் வரிசையாகச் சொடுக்கினேன். எட்டுப் பேரும் முதல் மரத்துக்கே ஓடினார்கள். அதை வெட்டிச் சாய்த்துவிட்டு, ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு அடுத்ததற்கு. ஆளுக்கொரு மரமாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"இந்தக் கேமிலை அப்பிடிச் செய்யேலாதடி. ஒவ்வொருத்தராய் நீதான் பிடிச்சு அனுப்பவேணும்" என்றார் அண்ணா. பெரியம்மாவின் மகன். சண்டை ஓய்ந்து, மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு புளியங்குளத்தில் ஜெனரேற்றர் வைத்துக் கணினி வகுப்பு நடத்தினார். வகுப்பு முடிந்தபின் எண்ணெய் தீரும்வரை என்னை விளையாட விடுவார்.

"அப்ப இதைச் செய்தவைக்கு மூளை இல்லையோ?"

"ஓம், நீ போய்ச் சொல்லிக் குடு."

இடம்பெயர்ந்திருந்த நாங்கள் ஊருக்குத் திரும்பிய வருடம் அது. வீடுகளுக்குச் சுவர் மட்டும்தான் மிச்சம். மாரிக்கு முன் தென்னோலையில் பின்னிய கிடுகு வேயவேண்டும். எங்கள் ஊர் வழக்கம், ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஆண்கள் எல்லாரும் அந்த வீட்டில்தான் ஏறுவார்கள். பின்னேரத்துக்குள் முகடு மூடிவிடும், சாப்பாடும் அந்த வீட்டில்தான். அந்த முறை கிடுகு பிந்தி வந்தது. வானம் கறுக்கத் தொடங்கியும் ஆறு வீடுகள் வெறும் வரிச்சுத் தடிகளோடு நின்றன. கடைசி முறை மாமிக்கு. அப்பாவின் தங்கை, மாமா இறந்துபோயிருந்தார். ஊர் எல்லையில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் விதைநெல் மூடைகளோடும் ஒரு கிழிந்த தறப்பாளின் கீழ் இருந்தார்.

எங்கள் முற்றத்தில் எல்லாரும் கூடி யோசித்தபோது நான் வாயைத் திறந்தேன். "எல்லாரும் ஒரு வீட்டிலை ஏறி ஆளையாள் இடிச்சுக்கொண்டு நிக்கிறியள். பிரிஞ்சு போனா ஆறு வீடும் ஒரே நாளிலை முடியும்."

"கொம்பியூட்டர் படிச்ச பிள்ளையெல்லோ!" என்று யாரோ சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. தடியால் மண்ணில் கோடு கீறி, ஆட்களைப் பங்கிட்டுக் காட்டினார். அப்பாவும் தலையாட்டினார்.

மாமி மட்டும் கேட்டார். "அப்ப என்ரை வீட்டுக்கு ஆர்?"

"மூண்டு பேர் மாமி. எல்லாருக்கும் சமன்" என்றேன் பெருமையாக.

மறுநாள் மூன்று பேரும் விடியவே மாமி வீட்டுக்குப் போனார்கள். வெயில் ஏறியதும் ஒருவர், "என்ரை வீட்டிலை கூரை வளைமரத்தை மாறி வைக்கினமாம், பாத்திட்டு ஓடிவாறன்" என்று இறங்கினார். இன்னொருவரை மனைவி வந்து கூப்பிட்டார். இருவரும் திரும்பவில்லை. மிஞ்சியவர் தனியாளாகக் கூரையில் ஏறிக் கட்டுவதா, கீழே நின்று கிடுகு எறிவதா? மாமி எறிந்து கொடுத்தார். ஒரு பக்கம்கூட முடியவில்லை, மழை வந்துவிட்டது.

மற்ற ஐந்து வீடுகளும் ஒழுகவில்லை. மாமியின் விதைநெல் நனைந்து, மூடைக்குள்ளேயே அவிந்துபோனது. பார்க்கப் போன என்னிடம், "அழாதை பிள்ளை. உன்ரை கேமிலை மழை பெய்யாதுதானே" என்றார். அந்தப் போகம் அவர் விதைக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு நெல்லாலை வேலைக்குப் போய்விட்டார்.

திரையில் ஓடிய மரவெட்டிகளுக்கு வீடு இல்லை. எங்கள் ஊர் ஆண்களுக்கு இருந்தது. ஊரே ஒரு கூரையில் ஏறி நிற்கும்போது யாரும் நழுவ முடியாது, ஆண் துணையில்லாத வீட்டுக்கும் அன்று ஊர் முழுதும் ஆண்கள். நான் நெரிசலென்று கண்டது அதைத்தான்.

இப்போது பலர் சேர்ந்து எழுதும் ஒரு இலவசக் கணினி விளையாட்டுக்கு அந்தப் பங்கிடும் கட்டளையை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். அருகில் உள்ளவரை அருகிலுள்ள வேலைக்கு அனுப்பினால், எல்லையில் கிடக்கும் வேலை ஒவ்வொரு முறையும் கடைசியாகிறது. அடுத்து, பக்கத்தில் ஆளே இல்லாத வேலைக்கு முதலில் ஆள் பிரித்துப் பார்க்கப்போகிறேன். போன ஆள் பாதியில் திரும்பாதிருக்க என்ன எழுதுவதென்றுதான் இன்னும் பிடிபடவில்லை.