கொட்டியாரக் குடாவில் மாமா

போன கிழமை என் மாமனாரின் முப்பத்தோராம் நாள். அதற்கு முன் நினைவு மலர் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. 'தொழில்' என்ற இடத்தில் என்ன போடுவது? வீட்டில் பெரிய சண்டை!

இளவயதில் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தார். பிறகு பஸ் டிரைவர். இறக்கக்கண்டி மீனவர்களுக்கு ஐஸ் விற்றார். ஈச்சிலம்பற்றில் வயல் செய்தார். கடைசிக் காலத்தில் வெருகல் கோயில் அன்னதானத்துக்குச் சோறு வடித்தார். தொண்ணூறைத் தாண்டிய மனிதர்... ஒரு வரியில் அடங்குவாரா?

எனக்குத் தெரிந்த மாமா சரியான கூச்சக்காரர். மருமகள் முன்னால் மேற்சட்டை இல்லாமல் ஒருநாளும் நின்றதில்லை. நான் வரும் சத்தம் கேட்டாலே கதிரையை விட்டு எழுந்து சட்டையைத் தேடுவார்.

யுத்த காலம். நாங்கள் மூதூரில் இருந்தோம். எனக்குத் தலைப்பிரசவம். விடிகாலையில் தொடங்கிய வலி, மத்தியானமாகியும் பிள்ளை வரவில்லை.

"இனி இங்க வச்சிருக்க ஏலாது. திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார் மருத்துவிச்சி.

பாதை பூட்டு. குடாவைக் கடக்கும் லாஞ்சுப் படகும் ஓடவில்லை. மாமி காலமாகியிருந்தார், கணவர் கொழும்பில். மாமாதான் தன் சிநேகிதர் காசிம் நானாவின் வள்ளத்தில் என்னை ஏற்றினார்.

குடாவின் நடுவில் கடற்படைப் படகொன்று எதிரே வந்தது. துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பியது.

காசிம் நானா எஞ்சினை நிறுத்தினார். "வெள்ளைத் துணி ஏதும் இருக்கா? கெதியாக் காட்டுங்க!"

என் சேலை சிவப்பு. நானாவின் சாரம் கட்டம் போட்டது. மாமா போட்டிருந்தது பழைய காக்கிச் சட்டை. வெள்ளை என்றால் ஒன்றுதான் — அவர் இடுப்பு வேட்டி.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "பிள்ளை, கண்ணை மூடுங்கோ."

அவிழ்த்தார். ஆடுகிற வள்ளத்தில் கோவணத்தோடு எழுந்து நின்று, வேட்டியைத் தலைக்கு மேலே வீசினார். துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில், 'பிள்ளைப்பேறு, பிள்ளைப்பேறு' என்று தொண்டை கிழியக் கத்தினார்.

நான் கண்ணை மூடவில்லை. மூட முடியவில்லை.

படகு நெருங்கியது. ஒரு சிப்பாய் என் வயிற்றைப் பார்த்தான். துப்பாக்கியைத் தாழ்த்தினான். கையைக் காட்டினான் — போ!

அன்று பின்னேரமே மகன் பிறந்தான். மறுநாள் மாமா வார்டு வாசலோடு நின்றுவிட்டார். பார்வை தரையில்.

"அங்கயிருந்தே பிள்ளையைக் காட்டுங்கோ..."

"உள்ளுக்கு வாங்கோ மாமா."

"நேற்று... நீங்கள் ஒண்டும் நினைக்கேல்லைத்தானே?"

"நினைச்சனான். என்ர அப்பா இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார் எண்டு நினைச்சனான்."

அதன் பிறகுதான் உள்ளே வந்து பேரனைக் கையில் வாங்கினார்.

மரியாதை உடுப்பில்தான் இருக்கிறது என்று சொல்கிறவர்கள்... அன்றைக்கு அந்த வள்ளத்தில் இருந்திருக்க வேண்டும்!