விளையாட்டு பீரியடுக்கு ஓட்டெடுப்பு

போன ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கையோடு நடந்தது இது. இடம், குரோம்பேட்டைக்கும் அஸ்தினாபுரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு அரசுப் பள்ளி. பெயர்கள் வேண்டாம். இதில் வருகிறவர்களை எல்லாம் இன்றைக்கும் காய்கறிக் கடையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் மகள் ஏழாவது வரை ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். வீடு மாறியபோது அவளை இந்த அரசுப் பள்ளியில் சேர்த்தோம். புது இடம், புது முகங்கள். முதல் சில மாதங்கள் வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டல், பாடம் நடந்ததா என்றால் தலையாட்டல். கணவர் மறைமலை நகரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அவர் வருகிற நேரத்துக்கு இவள் தூங்கியிருப்பாள். அந்த மௌனத்தை நான் ஒருத்திதான் வைத்துக்கொண்டு தவித்தேன். அப்புறம் ஒருநாள் பி.டி. மிஸ் அவளை கோ-கோ ஆட இழுத்து விட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பேச ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை.

கோ-கோவோடு ஒரு உயிர்த் தோழியும் கிடைத்தாள். எங்கள் தெருமுனையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவரின் பெண். இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். அந்தப் பெண் மின்னல். பள்ளி டீமுக்கே கேப்டன். ஒரே ஒரு சிக்கல்தான். மகள் கேப்டன் என்பது அவள் அப்பாவுக்குத் தெரியாது. விளையாடுவதே தெரியாது. அவளுடைய டிராக் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். துவைத்துக் காயப்போடுவது நான். "ஆன்ட்டி, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்" என்று அவள் கேட்டபோது சரி என்று தலையாட்டி விட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை அதைக் கொடியில் போடும்போதும் மனசு உறுத்தும். பெற்ற அப்பனுக்குத் தெரியாததை நான் எதற்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

இதற்கு நடுவில் நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகி விட்டேன். அரசுப் பள்ளியில் இது ஒரு நல்ல ஏற்பாடு. பெற்றோர்கள் கூடி, தங்களுக்குள்ளேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தலைமை ஆசிரியருடன் உட்கார்ந்து பள்ளி விஷயங்களைப் பேசலாம். பழைய பள்ளியில் பெற்றோர் என்றால் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிற கூட்டம். இங்கே எனக்கு நாற்காலி, டீ, பிஸ்கட், பேச்சுரிமை! எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. குழாய் உடைந்தாலும் சரி, நாய் உள்ளே வந்தாலும் சரி, "பெற்றோருக்கும் உரிமை இருக்கு மேடம்" என்று எழுந்து நின்று விடுவேன். தலைமை ஆசிரியை நல்லவர். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அந்த உரிமை ஒருநாள் என் தலையிலேயே வந்து விழுந்தது.

ஜனவரிக் கூட்டத்தில் எலக்ட்ரிகல் கடைக்காரர் எழுந்தார். அவரும் குழுவில் இருந்தார். "மேடம், அடுத்த வருசம் இதுங்கோ டென்த்து. இப்போ வெளியில கோலி ஆடற மாதிரி ஆடிகினு கீதுங்கோ. நைன்த்துக்கு வர்ற பி.டி. பீரியடை எல்லாம் கணக்குக்குக் குடுத்துடுங்க. என் பொண்ணு விளையாட்டுப் பக்கமே போவ மாட்டா, படிக்கிற பொண்ணு. மத்த புள்ளைங்களுக்காக சொல்றேன்" என்றார்.

எனக்குப் புரை ஏறி, டீ மூக்கு வழியாக வந்தது.

சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பத்தாம் வகுப்பு என்ற வார்த்தைக்கு நம் ஊரில் அப்படி ஒரு சக்தி. தலைமை ஆசிரியையும் கையைப் பிசைந்தார். ரிசல்ட் பற்றி அவருக்கும் மேலிருந்து கேள்விகள் வரும் போலிருக்கிறது. ஓட்டுக்கு விட்டார்கள். எல்லாக் கையும் மேலே போனது. என் கை மட்டும் கீழே. அந்த ஒரு பீரியட் போனால் என் மகள் மறுபடியும் வாயை மூடிக்கொள்வாள் என்பது எனக்குத்தான் தெரியும். அந்த இன்னொரு பெண்ணுக்கோ, பள்ளி நேரத்தை விட்டால் ஓடுவதற்கு வேறு வழியே கிடையாது.

"எல்லாரும் சேர்ந்து கை தூக்கிட்டா என் பொண்ணோட விஷயத்துல என் உரிமை என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"மெஜாரிட்டி மேடம்!" என்றார் கடைக்காரர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. "விளையாட்டே இல்லாம ஒருநாள் பூரா அந்த பெஞ்சுல நீங்க உட்கார்ந்து பாருங்க. அப்புறம் கை தூக்குங்க!" என்று பொரிந்து தள்ளினேன்.

"இன்னா மேடம், சவாலா? உட்காந்துட்டா போச்சு!" என்றார் அவர். மற்றவர்களும் உற்சாகமாகி விட்டார்கள். தலைமை ஆசிரியைக்கு இது எப்படிப் பிடித்துப் போனதோ தெரியவில்லை. வரும் சனிக்கிழமை பள்ளி உண்டு, ஒன்பதாம் வகுப்பில் பெற்றோர்கள் உட்காரட்டும், பிள்ளைகளை ஹாலில் வைத்துக்கொள்கிறோம், மறுபடி ஓட்டெடுப்பு அன்று சாயங்காலம் என்று முடிவு செய்து விட்டார்.

சனிக்கிழமை காலையில் போனால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆண்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு ஓடினார்கள். கடைக்காரருக்குக் கடைசி பெஞ்சில் ஜன்னலோர இடம். அம்மாக்கள் இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து, முதல் பீரியடிலேயே புடவை விலை பேசி, தமிழ் ஆசிரியையிடம் திட்டு வாங்கினோம். தாம்பரத்தில் இருந்து பர்மிஷன் போட்டு வந்த ஒரு வங்கி ஊழியர் ஹோம்வொர்க் உண்டா என்று கேட்டு எல்லோருடைய வெறுப்பையும் சம்பாதித்தார். அறிவியல் வகுப்பில் கைதட்டல். மதியம் சாம்பார் சாதமும் முட்டையும். ஒரே குஷி.

கஷ்டப்படுவார்கள் என்று கூட்டி வந்தால் இவர்கள் பிக்னிக் கொண்டாடுகிறார்களே!

கை கழுவுகிற இடத்தில் கடைக்காரர், "மேடம், ஜாலியாத்தானே கீது? இதுல இன்னா கஷ்டம்?" என்று கேட்டு விட்டுப் போனார். அந்தப் பக்கமாக வந்த என் மகள், "அம்மா, ஜெயிச்சிடுவோம்ல?" என்றாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

மதியத்துக்கு மேல் என் மானம் கப்பலேறியது. சமூக அறிவியல் வகுப்பு. சவால் விட்ட நானே முதல் ஆளாகத் தூங்கி விழுந்தேன். ஆசிரியர் எழுப்பிக் கேள்வி கேட்க, நான் திருதிருவென்று விழிக்க, கடைசி பெஞ்சில் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆனால் ஒன்று, அதற்கு அடுத்த பீரியடில் சிரித்தவர்களும் நெளிய ஆரம்பித்தார்கள். முதுகு வலி, கால் மரத்துப் போவது, கொட்டாவி. கொட்டாவி ஒரு வாயில் கிளம்பி பெஞ்ச் பெஞ்சாகப் பரவியது.

கடைசி பீரியட், பி.டி.யைத் தூக்கி விட்டு வைத்த கணக்கு. ஆசிரியர் போர்டில் ஏதோ எழுதத் தொடங்கிய நேரம், வெளியே விசில் சத்தம் கேட்டது.

காலையில் இருந்து ஹாலில் அடைந்து கிடந்த பிள்ளைகளை பி.டி. மிஸ் மைதானத்துக்குக் கூட்டி வந்து விட்டார்! ஜன்னலுக்கு நேர் எதிரே கோ-கோ கோர்ட். ஜன்னலோரத்தில் கடைக்காரர். சவால் விட்டு அவரை அங்கே கொண்டு வந்து உட்கார வைத்தது வேறு யாரும் இல்லை, நானேதான். அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த வாக்கு என்ன ஆகப் போகிறது? அவள் முதுகுத் தோல் என்ன ஆகப் போகிறது? திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் பார்த்து விட்டார். வரிசையாகக் குந்தியிருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து, துரத்துகிறவளை ஏமாற்றி ஓடிக்கொண்டிருந்தாள் அவர் மகள். என் வீட்டில் துவைத்த அதே நீல டிராக் பேன்ட். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மெதுவாக எழுந்து நின்றார். கணக்கு ஆசிரியர், "சார், போர்டைப் பாருங்க" என்றார். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் பெயரைச் சொல்லி ஒரு கத்து கத்தினார்.

மைதானமே நின்றது. அந்தப் பெண் நடுக் கோர்ட்டில் சிலையாகி விட்டாள். அவள் முகம் வெளுத்ததை இங்கிருந்தே என்னால் பார்க்க முடிந்தது.

"இன்னாத்துக்கு நிக்கற? ஓடு! பின்னாடி வந்துகினு கீறா பாரு, ஓடு!"

துரத்தி வந்தவள் என் மகள். அவள் விசிலை மட்டும்தான் கேட்பாள், மனுஷக் குரல் எல்லாம் காதில் ஏறாது. ஓடி வந்து தோழியின் முதுகில் பளாரென்று தட்டி விட்டாள். அவுட்.

"டீச்சர், ஒரு நிமிசம் வெளியே போலாமா?" என்று கேட்ட மனுஷர், பதில் வருவதற்குள் மைதானத்தில் இருந்தார். நாங்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் ஓடினோம். கணக்கு ஆசிரியரும் சாக்பீஸோடு ஓடி வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றேன். அவரோ நேராக பி.டி. மிஸ்ஸிடம் போனார்.

"மிஸ், இந்த அவுட்டு செல்லாது. நான் கத்துனதால நின்னுட்டா. நல்லா ஓடிகினு இருந்தா மிஸ், என்னாலதான். இன்னொரு சான்ஸ் குடுங்க!"

பி.டி. மிஸ் அசரவில்லை. "அவுட்னா அவுட்தான் சார். கோட்டுக்கு வெளியே போங்க" என்றார். எல்லோரும் சிரித்து விட்டோம். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவர் மகளிடம் வந்தார். குரல் அடங்கியிருந்தது. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட மாட்டியேப்பா."

அவர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்றார். தெரியும் என்றேன். அந்த டிராக் பேன்ட் விஷயத்தையும் சொல்லி விட்டேன். அவர் முகம் சுண்டிப் போனது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஒரு அப்பாவாக அவருக்கு அந்தக் கோபம் நியாயம்தான். "நீங்க சொல்லியிருக்கணும்" என்றார். மைதானத்தைத் திரும்பிப் பார்த்து, "சொல்லியிருந்தா நிறுத்தித்தான் இருப்பேன்" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார். மண் தரை ஈரமாக இருந்தது, தூசிக்கு வழியே இல்லை.

அன்று சாயங்காலம் மறு ஓட்டெடுப்பு. பி.டி. பீரியட் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கி விட்டார். ஒரு ஆளுக்கு ஒரு கைதான் என்று கெஞ்சி இறக்க வைத்தார்கள். வங்கி ஊழியர் மட்டும் கணக்குக்கே கை தூக்கினார். அது அவருடைய உரிமை. அவருக்கும் ஒரு டீ கொடுத்தோம்.

இப்போது பி.டி. மிஸ்ஸுக்குப் புதுத் தலைவலி. போட்டி என்றால் பிள்ளைகளை விடப் பெற்றோர் கூட்டம்தான் அதிகம். கடைக்காரர் வாரத்துக்கு ஒரு புது விதி கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார். நீல டிராக் பேன்ட் அவர்கள் வீட்டுக் கொடிக்கே போய் விட்டது. என் மகள் வழக்கம்போல வாசலில் நின்றபடியே பேசுகிறாள்.

கமிட்டியில் இன்னும் இருக்கிறேன், எழுந்து நின்று சண்டையும் போடுகிறேன், ஆனால் சாயங்காலம் அவள் "அம்மா, ஒண்ணு சொல்லட்டா?" என்று ஆரம்பித்தால், பாதி வேகிற குழம்பைக்கூட இறக்கி வைத்து விட்டு எதிரே உட்கார்ந்து விடுகிறேன், ஏனென்றால் பிள்ளை தானாக வந்து சொல்வதைக் கேட்கிற உரிமையை எந்தத் தீர்மானமும் எனக்கு வாங்கிக் கொடுக்காது என்று அந்த அப்பாவின் முகம் எனக்குக் காட்டி விட்டது.