கேஸ் இல்லாத வளைவு

திருப்பாலைவனம் தாண்டிப் பழவேற்காடு போகும் சாலையில் ஒரு வளைவு. பைக் பஞ்சராகி அங்கே நிற்கிறேன். சாலையோரமெல்லாம் உடைந்த கண்ணாடித் தூள். எந்த வண்டியும் வேகத்தைக் குறைப்பதில்லை.

நண்டுக் கூடையோடு ஒரு பெண் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கிறாள். பெயர் மேரி. அவள் மகள் எதிர்ப்பக்கம் இறங்கி இந்தச் சாலையைக் கடந்து வரவேண்டும். மேரியின் கணவருக்கு வண்டி மோதிக் கால் போனதும் இதே இடத்தில்தான்.

"வேகத்தடை கேக்கலையாம்மா?"

"கேட்டோம் சார். ஆபீசருங்க வந்து பாத்தாங்க. எந்த ரோடு மோசம்னு போலீஸ் கேஸை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். இங்க கேஸே இல்லன்னு போய்ட்டாங்க."

"உங்க வீட்டுக்காரர் கேஸ்?"

"இன்னா சார் நீ! இடிச்சது எங்க குப்பத்து எறா வண்டி. ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க. ஸ்டேஷனுக்குப் போனா ஊரை வுட்டுத் தள்ளி வெச்சுடுவாங்க. அப்புறம் யாரு எனக்கு விக்க நண்டு குடுப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடிபட்டவனை ஊர் மறைக்கிறது. வந்து பார்த்த அதிகாரிக்குக் காலடியில் கிடக்கும் கண்ணாடி தெரியவில்லை. அதற்கும் கேஸ் வேண்டுமாம்.

பள்ளிப் பேருந்து வந்து நிற்கிறது. மேரி ஓடிப்போய்க் கூடையை நடுச்சாலையில் வைக்கிறாள். வளைவில் பாய்ந்து வந்த இறால் வண்டி கிறீச்சிட்டுக் கூடைக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது. மேரியின் மகள் சாலையைக் கடக்கிறாள்.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறான்.

"இன்னாக்கா, அறிவில்ல? நண்டெல்லாம் நசுங்கியிருக்குமே!"